ஊர் இல்லாத கமிஷனர்

2018 நவம்பர் 15 ராத்திரி, கஜா புயல் கரை ஏறப் போற நேரம், எங்க சார் மண்டல ஆபீஸ்ல ஒரு நாற்பது பக்க நோட்டைப் பிரிச்சு வச்சுக்கிட்டு ஒவ்வொரு நகராட்சியா ஃபோன் போட்டுட்டு இருந்தாரு. எல்லாருகிட்டயும் ஒரே கேள்விதான். "உங்ககிட்ட ஜெனரேட்டர் எத்தனை இருக்கு? ரெஜிஸ்டர்ல இருக்கறத சொல்லாதீங்க, இன்னிக்கி ஸ்டார்ட் பண்ணிப் பாத்தது எத்தனை?" இந்த ரெண்டாவது கேள்விக்கு வந்ததும் பாதி பேருக்கு நாக்கு ஒட்டிக்கிச்சு. ஒரு ஊர்ல மூணுன்னு சொன்னவங்க ரெண்டாவது தடவை கேட்டதும் ஒண்ணுன்னாங்க, மூணாவது தடவை கேட்டதும் பேட்டரி மாத்தணும் சார்னாங்க.

நான் அப்ப அங்க கண்காணிப்பாளர். பக்கத்துல நின்னுக்கிட்டு டீ ஆறிப்போறத பாத்துட்டு இருந்தேன். அவரு நோட்டுல ரெண்டு பத்தி எழுதியிருந்தாரு. இடது பக்கம் புயல் அடிக்கற ஊர், வலது பக்கம் அடிக்காத ஊர். வேதாரண்யம், நாகப்பட்டினம், திருத்துறைப்பூண்டி, மன்னார்குடி, பட்டுக்கோட்டை எல்லாம் இடது பக்கம். வலது பக்கத்துல இருக்கற ஊர்லேருந்து எதை எடுத்து இடது பக்கத்துக்கு அனுப்பலாம், அவ்வளவுதான் கணக்கு. யோசிச்சுப் பாத்தா அவரோட உத்தியோகமே அந்த ரெண்டு பத்திக்குள்ள அடங்கிடும்.

மண்டல நகராட்சி நிர்வாக இயக்குநர்னு பேரு. கொஞ்சம் நீளம்தான். கலெக்டர்னா யாருக்கும் தெரியும், சேர்மன்னா தெரியும், கமிஷனர்னா கூட குப்பை அள்ளலன்னா திட்டறதுக்காவது தெரியும். இவரை யாருக்கும் தெரியாது. எங்க மாமியார் வீட்ல நான் "மண்டல ஆபீஸ்ல இருக்கேன்"னு சொன்னப்ப என் மச்சான், "பஸ் டிப்போவா மாமா?"ன்னு கேட்டான். இன்னொருத்தர் ஆவின்ல ஏதாச்சும் ஏஜென்சி கிடைக்குமான்னு கேட்டாரு. விளக்கிச் சொல்லி சொல்லி அலுத்துப்போய் கடைசில முனிசிபாலிட்டின்னே சொல்லிட ஆரம்பிச்சேன்.

விஷயம் இதுதான். தமிழ்நாட்டுல நகராட்சிங்களுக்கெல்லாம் மேல சென்னைல ஒரு தலைமை ஆபீஸ். முன்னாடி சேப்பாக்கம் எழிலகம் வளாகத்துல இருந்துச்சு, இப்ப சாந்தோம் ரோட்ல எம்.ஆர்.சி. நகர்ல இருக்கு. அங்கேருந்து எல்லா ஊரையும் நேரடியா மேய்க்க முடியாதுன்னு நடுவுல மண்டலம் மண்டலமா பிரிச்சு வச்சிருக்காங்க. செங்கல்பட்டு, வேலூர், சேலம், திருப்பூர், தஞ்சாவூர், மதுரை, திருநெல்வேலி. எங்களுது டெல்டா. அந்த ஊர் கமிஷனருங்க அனுப்பற வரி வசூல் கணக்கு, ரோடு போட கேக்கற பிரேரணை, ஆளுங்க மேல வர்ற புகார், டிரான்ஸ்பர் மனு, ஆடிட் பதில் எல்லாம் இந்த நடு ஆபீஸ் வழியாத்தான் மேல போகும், மேலேருந்து வர்ற திட்டும் இது வழியாத்தான் கீழ இறங்கும். மாநகராட்சின்னா இதுல சேராது, அவங்க நேரா சென்னையோட பேசிப்பாங்க.

சார் 1992ல குரூப் டூ எழுதி ரெண்டாம் நிலை கமிஷனரா உள்ள வந்தவரு. திருச்சி பக்கம் ஒரு கிராமத்துல வாத்தியார் வீட்டுப் பிள்ளை. முதல் போஸ்டிங் சின்ன ஊர், சம்பளத்துக்கே மாநில நிதி ஆணையத்தோட (எஸ்.எஃப்.சி.) பணம் எப்ப வரும்னு வாயைப் பொளந்துட்டு நிக்கற நகராட்சி. அவரு சேந்த காலத்துல மன்றமே கிடையாது. 1986ல தேர்ந்தெடுத்தவங்க காலம் முடிஞ்சு, திரும்ப தேர்தல் நடந்தது 1996 அக்டோபர்லதான். நடுவுல தனி அலுவலர் ஆட்சி, அதாவது மன்றத்தோட அதிகாரமும் ஒரு அதிகாரி கையிலயே. அதனால முதல் நாலு வருஷம் கவுன்சிலர்னா என்னன்னே தெரியாம வளந்தேன்யான்னு சிரிப்பாரு. அதுக்கப்புறம் 96ல வந்த முதல் மன்றக் கூட்டத்துல, ஒரு தெருக்குழாயை இந்தப் பக்கம் வைக்கறதா அந்தப் பக்கம் வைக்கறதான்னு ரெண்டு மணி நேரம் சண்டை போட்டாங்களாம். அவரு அதை குறையா சொல்ல மாட்டாரு. நாலு வருஷமா நான் ஒரு கையெழுத்துல வச்ச குழாய்ல எத்தனை தப்பான பக்கத்துல இருந்துச்சுன்னு அன்னிக்கித்தான் தெரிஞ்சுதும்பாரு.

வேலையை யாருகிட்ட கத்துக்கிட்டீங்கன்னு கேட்டா ரெண்டு பேரை சொல்லுவாரு, ரெண்டு பேருமே அதிகாரி கிடையாது. ஒருத்தர் மஸ்டர் மேஸ்திரி. விடிகாலைல அஞ்சரைக்கு வார்டு ஆபீஸ்ல துப்புரவுப் பணியாளருங்க வந்து கை நாட்டு வைக்கற இடம்தான் மஸ்டர். கமிஷனர் அங்க போய் நிக்கணும்னு சட்டம் ஒண்ணும் இல்ல, ஆனா போய் நின்னா யாரு நிஜமா வர்றாங்க, யாரு பேருல வேற ஆளு வருது, யாரு கால்ல செருப்பு இல்ல எல்லாம் தெரியும். இன்னொருத்தர் தண்ணி திறந்து விடற வால்வு ஆளு. அந்த ஊர்ல பூமிக்கடில போற பைப் லைன் எந்த மேப்லயும் சரியா இல்ல, அந்த ஆளு மண்டைக்குள்ள மட்டும்தான் இருந்துச்சு. அவரு ரிட்டயர் ஆகப்போற மாசம் சார் அவரை சைக்கிள்ல உக்கார வச்சு, பின்னாடி ஒரு ஓவர்சியரை நோட்டும் கையுமா ஓட விட்டு, எந்த முக்குல எந்த வால்வுன்னு மொத்தமும் எழுதி வாங்கிட்டாரு. இதெல்லாம் எந்த பிரமோஷன் லிஸ்ட்லயும் ஏறாது.

மார்ச் மாசம் வந்தா வேற ஆளாயிடுவாரு. நகராட்சிக்காரனுக்கு மார்ச் 31தான் தீபாவளி, அதுக்கு முந்தின ரெண்டு வாரம் விரதம். டிமாண்ட், கலெக்ஷன், பேலன்ஸ்னு டி.சி.பி. ஷீட் ஒண்ணு இருக்கு, அதுதான் ஜாதகம். பில் கலெக்டருங்களைக் காலைலயே கிளப்பி விடணும், பெரிய பாக்கிக்காரங்க வீட்டு வாசல்ல போய் நிக்கணும், குழாயைக் கட் பண்ணுவேன்னு மிரட்டணும், ஆனா நிஜமா கட் பண்ண போனா அந்த வார்டு கவுன்சிலர் முன்னாடியே அங்க நிப்பாரு. தெருவுல நாலு பேரு பாக்க கமிஷனரே வரி கேட்டு வாசல்ல நின்னா, வெக்கத்துக்காவது கட்டிடுவான்னு சார் நம்பினாரு. பாதி சரி. ஓட்டு வீட்டுக்காரன் கட்டிடுவான். கல்யாண மண்டபம் வச்சிருக்கறவன் காபி குடுத்து அனுப்புவான்.

2004 டிசம்பர் 26 அன்னிக்கி அவரு வேற ஒரு ஊர்ல கமிஷனர். சுனாமி செய்தி வந்த சாயங்காலமே தன்னோட நகராட்சி ஆளுங்களை லாரில ஏத்திக்கிட்டு நாகப்பட்டினம் போனவங்கள்ல அவரும் ஒருத்தர். நாகை மாவட்டத்துல மட்டும் 6,000 பேருக்கு மேல போயிட்டாங்க. அக்கரைப்பேட்டை, கீச்சாங்குப்பம் பக்கம் அவங்க பாத்தத அவரு எங்ககிட்ட முழுசா சொன்னதே இல்ல. ஒண்ணே ஒண்ணு சொல்லுவாரு. தமிழ்நாடு பூரா இருந்து துப்புரவுப் பணியாளருங்க வந்தாங்க, உடம்புங்களைத் தூக்கினது அவங்க கைதான், மொத நாள்ல பல பேருக்கு கையுறை கூட இல்ல. ஊருக்குத் திரும்பினதும் அதுல ஒருத்தரு பத்து நாள் சோறு பிசைஞ்சு சாப்பிட மாட்டேன்னு ஸ்பூன்ல சாப்பிட்டாராம். சார் அதுக்கப்புறம் எந்த ஊருக்குப் போனாலும் ஸ்டோர் ரூம்ல முதல்ல கேக்கறது கையுறையும் பூட்ஸும்தான். இப்ப அவங்களை தூய்மைப் பணியாளர்னு சொல்றோம், பேரு மாறினது நல்லதுதான், கையுறை எண்ணிக்கையும் கூடவே ஏறியிருந்தா இன்னும் நல்லா இருந்திருக்கும்.

ஒவ்வொரு படியா ஏறி, முதல் நிலை, தேர்வு நிலை, சிறப்பு நிலைன்னு பெரிய ஊருங்கள்ல கமிஷனரா இருந்துட்டு, கடைசில மண்டலத்துக்கு வந்தாரு. வந்த புதுசுல பாவமா இருக்கும் அவரைப் பாத்தா. காலைல அஞ்சு மணிக்கு முழிப்பு வந்துடும், போறதுக்கு மஸ்டர் இல்ல. இவரு பொறுப்புல இத்தனை ஊர் இருக்கு, ஆனா ஒரு தெருவிளக்கு எரியலன்னா நேரா ஒரு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு சொல்ல முடியாது, அந்த ஊர் கமிஷனருக்குத்தான் சொல்லணும், அவரு பொறியாளருக்கு சொல்லணும். பிரமோஷன்னா சாக்கடைலேருந்து இன்னொரு பத்து கிலோமீட்டர் தள்ளிப் போறதுதான்யான்னு ஒரு நாள் சொன்னாரு.

அதுக்காக ஆய்வுக்குப் போறப்ப அவரு ஒரு குறுக்கு வழி வச்சிருந்தாரு. ஆய்வுன்னா வழக்கமா என்ன, கமிஷனர் ரூம்ல உக்காந்து ஒவ்வொரு கிளார்க்கும் தபால் எழுதி வைக்கற தன் பதிவேடு, ரொக்கப் புத்தகம், வேலையை அளந்து எழுதற எம் புக் எல்லாத்தையும் டேபிள்ல அடுக்கி வச்சு, பஜ்ஜி வந்து, சால்வை வந்து, மத்தியானம் முடிஞ்சிடும். இவரு பத்து மணிக்கு வர்றேன்னு சொல்லிட்டு ஆறு மணிக்கு அந்த ஊர் தண்ணி டேங்க் கீழ நிப்பாரு. ஒரு ஊர்ல (பேரு வேண்டாம்) பிளீச்சிங் பவுடர் இருப்புப் பதிவேட்டுல 40 மூட்டை. சார் டேங்க் பக்கத்துல இருக்கற ஷெட்டைத் திறக்கச் சொன்னாரு. 11 மூட்டை, அதுலயும் நாலு ஈரத்துல கட்டியாகிப்போய், மூக்குல வச்சா வாசனையே இல்ல. சானிட்டரி இன்ஸ்பெக்டர் மூஞ்சி வெளிறிப்போச்சு. சார் மெமோ குடுத்தாரு, அது வேற, ஆனா அன்னிக்கி அவரு செஞ்ச முதல் காரியம் பக்கத்து ஊருக்கு ஃபோன் போட்டு பத்து மூட்டையை மத்தியானத்துக்குள்ள வரவழைச்சது. மெமோ சாயங்காலம் டைப் ஆச்சு. எனக்கு அந்த வரிசை ரொம்பப் பிடிக்கும். நான் பாத்த சில பேரு முதல்ல மெமோ டைப் பண்ணுவாங்க, பவுடரைப் பத்தி மறந்துடுவாங்க.

2016 பிப்ரவரில கும்பகோணத்துல மகாமகம். பன்னெண்டு வருஷத்துக்கு ஒருக்கா வர்ற கூட்டம், 22ஆம் தேதி தீர்த்தவாரி. 1992 மகாமகத்துல நெரிசல்ல செத்தவங்க ஞாபகம் எல்லாருக்கும் அடிவயித்துல இருந்துச்சு. போலீஸ் வேலை போலீசுக்கு. நகராட்சிக்கு வேலை தண்ணி, கக்கூஸ், குப்பை. கும்பகோணம் 1866லயே நகராட்சி ஆன ஊர், ஆனா அந்த பத்து நாளைக்கு ஊருக்குள்ள வர்ற ஜனத்துக்கு முன்னாடி எந்த ஊர் நகராட்சியும் தனியா தாங்காது. அப்பத்தான் மண்டலம்னு ஒண்ணு எதுக்கு இருக்குன்னு தெரியும். வெளியூர் நகராட்சிங்கள்லேருந்து ஆளுங்களை வரவழைக்கணும், அவங்களைக் கல்யாண மண்டபத்துலயும் ஸ்கூல்லயும் தங்க வைக்கணும், மூணு வேளை சாப்பாடு, ஷிஃப்ட், எந்தத் தெரு யாருக்கு, தண்ணி லாரி எங்க நிக்கும், எல்லாம் எழுதணும். ஊர் பேரு போட்ட பேட்ஜ் குத்திக்கிட்டு பட்டுக்கோட்டைக்காரங்க ஒரு தெரு, மன்னார்குடிக்காரங்க ஒரு தெருன்னு கூட்டினாங்க, யாரு தெரு சுத்தம்னு அவங்களுக்குள்ளயே போட்டி வேற. சார் ராத்திரி ரெண்டு மணிக்கு அந்த மண்டபத்துல போய் சாம்பார்ல உப்பு பாத்துட்டு வருவாரு. சாமி பாத்தீங்களா சார்னு கேட்டேன். குளம் இறைச்சு விட்டத பாத்தேன்யான்னாரு.

அதே வருஷம் அக்டோபர்ல மன்றங்களோட காலம் முடிஞ்சுது, தேர்தல் நடக்கல. அந்தந்த ஊர் கமிஷனரே தனி அலுவலர். வெளில இருந்து பாக்கறவங்களுக்கு இது பெரிய சுகம்னு தோணும், கத்தற கவுன்சிலர் இல்ல, வெளிநடப்பு இல்ல. உள்ள என்ன நடந்துச்சுன்னா, கமிஷனர் ஒரு பேப்பர்ல "மன்றத்தின் பார்வைக்கும் ஒப்புதலுக்கும்"னு குறிப்பு எழுதி கையெழுத்துப் போடுவாரு, அப்புறம் அதே பேனாவுல அடுத்த பக்கம் "ஒப்புதல் அளிக்கப்படுகிறது"ன்னு தனி அலுவலரா இன்னொரு கையெழுத்து. தனக்குத்தானே மனு குடுத்து தானே அருள்பாலிக்கற மாதிரி. அஞ்சு வருஷத்துக்கு மேல இப்படி ஓடுச்சு, நகர்ப்புறத் தேர்தல் வந்தது 2022 பிப்ரவரி 19லதான். சாருக்கு இது பிடிக்கவே இல்ல. தண்ணி வரலன்னா முன்னாடி ஒரு பொம்பளை கவுன்சிலர் வீட்டுக் கதவைத் தட்டுவா, கவுன்சிலர் கமிஷனரைக் கத்துவாரு, விஷயம் காலைலயே தெரிஞ்சிடும். இப்ப அந்தப் பொம்பளை மனு எழுதி, அது தபால்ல ஏறி, ந.க. எண்ணுன்னு ஒரு ஃபைல் நம்பர் வாங்கி என்கிட்ட வர்றதுக்குள்ள பதினஞ்சு நாளாவுதுய்யா, அந்த வீட்ல என்னத்தைக் குடிப்பாங்கன்னு கேப்பாரு. ஆக அவரு வேலைக்கு சேந்தப்பவும் மன்றம் இல்ல, ரிட்டயர் ஆனப்பவும் இல்ல.

வரி சமாச்சாரத்துல பட்ட பாடு தனிக் கதை. 2008க்கு அப்புறம் பத்து வருஷம் கழிச்சு 2018ல சொத்து வரியை ஏத்தினாங்க. பில் கலெக்டருங்க வீடு வீடா போய் அளந்து, திட்டு வாங்கி, புது டிமாண்ட் போட்டு முடிக்கறதுக்கும் 2019 நவம்பர்ல அதை நிறுத்தி வைக்கறதுக்கும் சரியா இருந்துச்சு. அப்புறம் 2022 ஏப்ரல்ல திரும்ப ஏத்தினது எல்லாருக்கும் தெரியும். சார் அதுக்குள்ள போயிட்டாரு, தப்பிச்சாரு. இன்னொரு வேடிக்கை, வளர்ற ஊரெல்லாம் மாநகராட்சியாகி மண்டலத்தை விட்டுப் போயிடும். தஞ்சாவூர் 2014ல போச்சு, கும்பகோணம் 2021ல, புதுக்கோட்டை 2024ல. ஊருக்காரங்களுக்கு பட்டாசு வெடிக்கற சந்தோஷம். மண்டல ஆபீசுக்கு மட்டும் பெரிய லாரியும் ஆளும் வச்சிருந்த அண்ணன்காரன் தனிக்குடித்தனம் போன கதை. கஜா மாதிரி ஒண்ணு நாளைக்கி வந்தா வலது பக்க பத்தில எழுதறதுக்கு ஊர் கம்மி.

கஜா ராத்திரிக்கு வர்றேன். விடிகாலைல அது வேதாரண்யத்தை ஒட்டி ஏறுச்சு. காலைல பாத்தா போக வழியே இல்ல, ரோடு பூரா மரம். ஒரு லட்சத்துக்கு மேல கரண்ட் கம்பம் விழுந்துடுச்சு. மோட்டார் ஓடலன்னா டேங்க் ஏறாது, டேங்க் ஏறலன்னா குழாய் வராது, அதனாலதான் முந்தின ராத்திரியே ஜெனரேட்டரை எண்ணினது. ராத்திரி எண்ணி வச்ச ஜெனரேட்டருங்களை லாரில ஏத்தி, கூடவே மரம் அறுக்கற மிஷினோட ஒரு ஆளு, ஒரு எலக்ட்ரீஷியன், ரெண்டு பேரல் டீசல்னு ஜோடி ஜோடியா அனுப்பினாரு. டீசல் ஞாபகம் வந்தது அவருக்கு மட்டும்தான், பங்க்ல கரண்ட் இல்லன்னா டீசலும் வராதுன்னு எங்க யாருக்கும் தோணல. ஒரு ஜெனரேட்டரை ஒரு டேங்க்ல மூணு மணி நேரம் ஓட்டி ரொப்பிட்டு அவுத்து அடுத்த டேங்குக்கு. அன்னிக்கி மதியம் ஒரு ஊர் கமிஷனர், "எங்க ஜெனரேட்டரை அனுப்பிட்டா நாளைக்கி எங்க ஊர்ல கரண்ட் போச்சுன்னா யாரு சார் பதில் சொல்றது?"ன்னு கேட்டாரு. நியாயமான கேள்விதான். "நான் சொல்றேன், எழுத்துல வேணுமா?"ன்னாரு சார். வேணும்னாரு அவரு. அஞ்சு நிமிஷத்துல ஃபேக்ஸ் போச்சு. இந்த "எழுத்துல வேணுமா"வை சொல்ற அதிகாரிங்களை என் சர்வீஸ்ல விரல் விட்டு எண்ணிடலாம்.

2019ல ரிட்டயர் ஆனாரு. மாலை, சால்வை, பாதாம் பால். அப்புறம்தான் ஆரம்பிச்சுது. வேலை பாத்த ஒவ்வொரு ஊர்லேருந்தும் பாக்கி எதுவும் இல்ல, ஆடிட் தடை எதுவும் இல்லன்னு சான்று வந்தாத்தான் பென்ஷன் கணக்கு முழுசா முடியும். எல்லா ஊர்லேருந்தும் வந்துச்சு, ஒரு ஊரைத் தவிர. தொண்ணூறுகள்ல அவரு இருந்த ஊர். ஒரு கோடைல தண்ணிப் பஞ்சம், வெளி லாரில தண்ணி அடிச்சதுக்கு 11,400 ரூபா செலவு, விலைப்புள்ளி வாங்கல, நடை கணக்குக்கு ஆதாரம் இல்ல, சம்பந்தப்பட்ட அலுவலரிடம் வசூலிக்கலாம்னு தணிக்கைல எழுதின ஒரு ஆட்சேபம், ஆடிட் பாரான்னு சொல்லுவோம், இருபது வருஷமா யாரும் பதில் எழுதாம தூங்கிட்டு இருந்துச்சு. பதில் அனுப்ப வேண்டிய வழி, மண்டல இயக்குநர் வழியாக. ஃபைல் என் டேபிளுக்கு வந்துச்சு. எத்தனையோ பேருக்கு நினைவூட்டு மேல நினைவூட்டு அனுப்ப சொன்ன மனுஷன், என் டேபிள் முன்னாடி ஸ்டூல்ல மஞ்சப் பையோட உக்காந்துட்டு இருந்தாரு. சேர் போடறேன் சார்னா, பரவால்ல இருக்கட்டும்யான்னாரு.

அந்த ஊர்ல வவுச்சர் எல்லாம் கரையான் தின்னுருச்சு. ஆனா லாரி யாருதுன்னு சாருக்கு ஞாபகம் இருந்துச்சு. பக்கத்து நகராட்சியோடது, டீசலும் டிரைவர் படியும் மட்டும் குடுத்தா போதும்னு வாய் வார்த்தைல வாங்கினது. அப்ப அந்தப் பக்கத்து ஊர்ல வண்டி லாக் புக் இருக்கணுமே. நான் ரெண்டு நாள் லீவு போட்டுட்டுப் போய் அந்த ஊர் பழைய ரெக்கார்டு ரூம்ல ஒரு அட்டெண்டரோட உக்காந்து தேடினேன், தும்மித் தும்மி மூக்கு செவந்ததுதான் மிச்சம்னு நெனச்சப்ப பீரோவுக்கு அடில கட்டுக் கட்டா இருந்துச்சு. பென்சில்ல எழுதினது, ஒவ்வொரு நாளும் தனி வரி, ஊர் பேரு, "குடிநீர், 6 நடை", கீழ டிரைவர் கையெழுத்து, அதுக்குப் பக்கத்துல தண்ணி வாங்கின தெருக்காரங்க யாரோ ஒருத்தர் கை நாட்டு. பதில் எழுதி ஜெராக்ஸ் வச்சு அனுப்பினோம், மூணு மாசத்துல பாரா நீங்குச்சு.

ஜெராக்ஸ்ல ஒண்ணை சார் கேட்டு வாங்கிட்டாரு. ரொம்ப நேரம் பாத்துட்டு, "இந்த டிரைவர் இப்ப எங்க இருக்காருன்னு விசாரிய்யா, பென்ஷன் ஒழுங்கா வருதான்னும் கேளு"ன்னாரு. போன மாசம்தான் வீடு தெரிஞ்சுது. அவரு பென்ஷனும் நின்னு போயிருக்கு, உயிரோட இருக்காருன்னு காட்டற அந்த வருஷ நேர்காணலுக்கு வரலன்னு. இப்ப நானும் சாரும் அதுக்குத்தான் அலைஞ்சிட்டு இருக்கோம்.